நாற்பது வயதில் ஓர் இரத்தப் பரிசோதனை: கறுப்பின ஆண்களுக்கான ஆறு கூற்றுகளுக்கு ஓர் உரை

அமெரிக்க ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில், தோல் புற்றை விட்டுவிட்டால், முதலிடம் புராஸ்டேட் புற்றுநோய்க்குத்தான். 2025இல் 3,13,780 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்படும், 35,770 பேர் இறப்பார்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் கணித்திருந்தது. இந்தச் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழவில்லை. மொத்த ஆண்களில் எட்டுப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது என்றால், கறுப்பின ஆண்களில் ஆறு பேரில் ஒருவருக்கு வருகிறது. சாவுக் கணக்கில் இடைவெளி இன்னும் அகலம். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு விகிதத்தில் இறக்கிறார்கள்.

இதை முன்வைத்து 2024இல் புராஸ்டேட் கேன்சர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க ஆய்வு அறக்கட்டளை, கறுப்பின ஆண்களுக்கென்றே ஒரு பரிசோதனை நெறிமுறையை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த சிறுநீரியல் மருத்துவர் இஸ்லா கேரவே, புற்றுநோய்ப் பரிசோதனைகளின் பலனை ஆராய்ந்துவரும் சிக்ரிட் கார்ல்சன், சியாட்டிலின் யா நயாமே முதலானோர் அதை எழுதியவர்கள். 1,848 ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்து, 264ஐ வைத்துக்கொண்டு, ஆறு கூற்றுகளில் அதை முடித்தார்கள். அந்த ஆறின் சாரத்தையும் என் சொற்களில் தந்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுகிறேன். படிக்க எளிமையாக இருக்கும் இந்த வரிகளுக்குப் பின்னால் முப்பது ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. அது தெரியாவிட்டால் இவை எவ்வளவு துணிவான வரிகள் என்பதும் தெரியாது.

முதல் கூற்று: கறுப்பின ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், பரிசோதனையின் நன்மை பொதுவாக அதன் தீங்கைவிடப் பெரியது.

இரத்தப் பரிசோதனையில் அப்படி என்ன தீங்கு வந்துவிடும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஊசி குத்துவதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின் வரிசையாக வருபவற்றில்தான் சிக்கல். புராஸ்டேட் புற்றுகளில் பல மிக மெதுவாக வளர்பவை. வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலை ஆய்ந்தபோது, எழுபது தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் புராஸ்டேட்டில் புற்று இருந்தது தெரியவந்தது. அது இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்படிப்பட்ட புற்றைத் தேடிப் பிடித்து அறுவை செய்தால், மீதிக் காலம் முழுக்கச் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைபாடும் ஒருவருக்கு மிஞ்சலாம். பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்' ஆய்வு, புராஸ்டேட்டைத் தாண்டாத புற்று உள்ள 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக்கிப் பதினைந்து ஆண்டு தொடர்ந்தது. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான்.

இந்தக் கவலையால்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2012இல், எந்த வயதிலும் பிஎஸ்ஏ என்ற இந்த இரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது. 2018இல் இறங்கிவந்து, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றியது. கறுப்பின ஆண்களைப் பற்றி அப்போது அது சொன்னது முக்கியம். அவர்களுக்கு ஆபத்து அதிகம், அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் தனிப் பரிந்துரை தரும் அளவுக்குச் சான்று இல்லை.

ஏன் சான்று இல்லை? இந்தக் கேள்வியில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. பரிசோதனை உயிர் காக்கிறதா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று ஐரோப்பாவில் நடந்தது. ஏறத்தாழ 1,82,000 ஆண்கள். பதினாறு ஆண்டுத் தொடர்ச்சியில் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக அது காட்டியது. கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். இன்னொன்று அமெரிக்காவின் பிஎல்சிஓ ஆய்வு; 76,000 பேருக்கு மேல். அதில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். அந்த ஆய்வுக்கு இன்னொரு கோளாறும் உண்டு: பரிசோதனை தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே பத்தில் ஒன்பது பேர் வெளியே போய்ப் பிஎஸ்ஏ எடுத்துக்கொண்டார்கள். பரிசோதனை செய்தவர்களையும் செய்தவர்களையுமே அது ஒப்பிட்டதுபோல் ஆயிற்று.

ஆக, யார் அதிகம் சாகிறார்களோ அவர்களைச் சேர்க்காமல் ஆய்வு நடத்திவிட்டு, பிறகு அவர்களைப் பற்றிச் சான்று இல்லை என்பது அவர்களை இரண்டு முறை விட்டுவிடுவது. கேரவே குழுவின் முதல் கூற்று இந்த இடத்தில் நின்று பேசுகிறது. கறுப்பின ஆண்களை மட்டும் வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினால் விடை வர இருபது ஆண்டு ஆகும். அதுவரை பொறுத்திருக்கச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் தொடர் கண்காணிப்புத் தரவுகளும் கணித மாதிரிகளும் ஒரு பக்கம் சாய்கின்றன. அந்தப் பக்கம் நிற்கிறோம் என்கிறார்கள். அது சரியான நிலை என்றே நான் நினைக்கிறேன். பிரிட்டன் வேறு முடிவுக்குப் போனது. அங்கே கறுப்பின ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆனாலும் 2025 நவம்பரில் அந்நாட்டின் பரிசோதனைக் குழு வெளியிட்ட வரைவு, குறிப்பிட்ட மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு மட்டும் திட்டமிட்ட பரிசோதனையைப் பரிந்துரைத்தது. கறுப்பின ஆண்களுக்குப் போதிய தரவு இல்லை என்று விட்டுவிட்டது. அங்கே தொடங்கியுள்ள 'டிரான்ஸ்ஃபார்ம்' ஆய்வு, அழைக்கப்படுவோரில் பத்தில் ஒருவராவது கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துக்கொண்டிருக்கிறது. தரவு தானாக வராது, தேடிப்போக வேண்டும் என்று இப்போதாவது உணர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கூற்றை விட்டு நகருமுன் 'ஆபத்து' பற்றி ஒன்று. நோய் வரும் ஆபத்து வேறு, வந்த நோயால் சாகும் ஆபத்து வேறு. வருவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. எட்டாவது குரோமோசோமில் 8க்யூ24 என்ற பகுதியில் உள்ள சில மாற்றங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது 2006, 2007 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. சாவதை மட்டும் மரபணுவின் தலையில் கட்ட முடியாது. முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 60,000 புராஸ்டேட் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. காப்பீட்டுச் சிக்கல் இல்லாத, எல்லாருக்கும் ஒரே வாசல் உள்ள அமைப்பு அது. அங்கே பத்து ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பினத்தவரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1 சதவீதம். நாடு முழுக்க இரண்டு மடங்காக இருக்கும் இடைவெளி, நோய் கண்டவர்களுக்குச் சமமான சிகிச்சை கிடைத்த இடத்தில் இல்லாமல் போனது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மற்ற ஐந்து கூற்றுகளையும் படிக்க வேண்டும்.

இரண்டாம் கூற்று: பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையே முதல் படி. சில மருத்துவர்கள் விரல் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம்.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். விந்தை நீர்த்துப்போகச் செய்வது அதன் வேலை. அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். அந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு 1986இல் அனுமதி கிடைத்தபோது, ஏற்கெனவே புற்றுள்ளவர்களின் சிகிச்சையைக் கண்காணிப்பதற்கு மட்டும்தான் கிடைத்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவும் கருவியாக 1994இல்தான் ஏற்கப்பட்டது.

இந்த எண் புற்றுக்கு மட்டும் ஏறுவதில்லை. வயதானால் வரும் சாதாரண வீக்கத்துக்கும், கிருமித் தொற்றுக்கும் ஏறும். நான்குக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நான்குக்குக் கீழே இருந்த ஆண்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்று இருந்தது. எனவே ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து நிம்மதியும் அடைய முடியாது, பயமும் கொள்ளத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடி கொட்டுவதற்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரை, பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதைச் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாவிட்டால், நான்கு என்று வர வேண்டியது இரண்டு என்று வந்து எல்லாரையும் ஏமாற்றிவிடும்.

நம் ஊரிலும் இந்த எண் பலருக்குப் பழக்கம்தான். சென்னையில் ஐம்பது தாண்டியவர் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்துகொண்டால், கொலஸ்ட்ராலுக்கும் கிரியேட்டினினுக்கும் நடுவே பிஎஸ்ஏவும் ஒரு வரியாக அச்சாகி வருவதைப் பார்க்கலாம். யாரும் விளக்குவதில்லை. தடித்த எழுத்தில் இல்லை என்றால் மடித்து வைத்துவிடுகிறோம். இந்த நெறிமுறை அமெரிக்கக் கறுப்பினத்தவருக்காக, அவர்களுடைய நோய் விகிதத்தை வைத்து எழுதப்பட்டது. இதன் வயது வரம்பை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொள்ளக் கூடியது மூன்றாம் கூற்றில் இருக்கிறது.

விரல் பரிசோதனையை இவர்கள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியதில் நல்ல யோசனை தெரிகிறது. மலவாயில் விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்பதற்காகவே பரிசோதனைப் பக்கம் வராத ஆண்கள் ஏராளம். 45 வயது ஆண்களிடம் ஜெர்மனியில் நடந்த 'புரோபேஸ்' ஆய்வில், விரல் பரிசோதனை தனியாக நின்று பெரும்பாலான புற்றுகளைத் தவறவிட்டது. பலன் குறைந்த ஒரு படியால் பலன் உள்ள படியும் கெட்டுப்போகிறது என்றால், அதைக் கட்டாயமாக்காமல் விடுவதே மேல். கையில் ஊசி போட்டு இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று சொன்னால் வருகிறவர் எண்ணிக்கை கூடும்.

மூன்றாம் கூற்று: பரிசோதனையின் நன்மை தீமைகளை மருத்துவரிடமும், தாங்கள் நம்பும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சேர்ந்து பேசி முடிவு எடுக்க வேண்டும்.

ஆறில் மிக எளிதாகத் தெரியும் இந்தக் கூற்றுதான் நடைமுறையில் மிகக் கடினமானது. சேர்ந்து முடிவெடுப்பது என்றால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும், பேச நேரம் வேண்டும், கேட்கக் கூச்சம் இருக்கக் கூடாது. மூன்றும் அரிது.

முதலில் நம்பிக்கை. அலபாமா மாநிலத்தின் மேக்கன் மாவட்டத்தில் 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கிகீ சம்பவத்தை அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் மறக்கவில்லை. மேக நோய் கொண்ட 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை தருவதாகச் சொல்லி, தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. பென்சிலின் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972இல் செய்தித்தாளில் வந்த பிறகே அது நின்றது. 1997இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் இந்தப் பழைய கதையை மட்டும் சொல்லி, கறுப்பின மக்கள் மருத்துவர்களை நம்புவதில்லை, அதனால் வருவதில்லை என்று முடித்துவிடுவது மருத்துவ உலகின் வசதிக்கான விளக்கம். பழி முழுவதும் நோயாளி மேல் போய்விடுகிறது. படைவீரர் மருத்துவமனைகளில் அதே மக்கள் வருகிறார்கள், சிகிச்சை பெறுகிறார்கள், பிழைக்கிறார்கள். அவநம்பிக்கை 1932இல் உண்டாகி அப்படியே உறைந்துவிட்ட ஒன்றல்ல. நேற்று வலி என்று சொன்னபோது மருத்துவர் தலை தூக்கிப் பார்த்தாரா, மேல்பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாரா என்பதில்தான் அது நாள்தோறும் கூடுகிறது, குறைகிறது.

அடுத்து கூச்சம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டினுக்கு 2023 டிசம்பரில் புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்டு, 22ஆம் தேதி அறுவை நடந்தது. சிக்கல் ஏற்பட்டு ஜனவரி முதல் தேதி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார். அதிபருக்கே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. புற்று என்ற விவரம் இன்னும் தாமதமாக வந்தது. உலகின் மிக வலிமையான படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், எழுபது வயதில், இதை வெளியே சொல்ல முடியாமல் தவித்தார். பிப்ரவரியில் செய்தியாளர்கள் முன் வந்து, சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். கறுப்பின ஆண்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இது வருகிறது, பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் அன்று சொன்னார். அவர் மறைத்ததை அரசியலாக்கியவர்கள் பலர். எனக்கு அதில் தெரிந்தது, சிறுநீரையும் ஆண்மையையும் தொடும் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது எந்தப் பதவியில் இருக்கும் ஆணுக்கும் எவ்வளவு கடினம் என்பதுதான். அவருடைய புற்று ஆரம்பத்திலேயே அகப்பட்டது, அதனால் தப்பினார்.

இப்போது 'தாங்கள் நம்பும் மற்றவர்கள்' என்ற பகுதிக்கு வருவோம். மருத்துவ நெறிமுறைகளில் அடிக்கடி காணாத சேர்க்கை இது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கும் இந்த முடிவில் இடம் உண்டு என்று மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். யார் அவர்கள்? தேவாலயப் போதகர், மனைவி, இதே நோயைக் கடந்துவந்த நண்பர், முடி திருத்துபவர். கடைசியாகச் சொன்னவரை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பினக் குடியிருப்புகளில் முடிதிருத்தகம் ஆண்கள் மனம் விட்டுப் பேசும் இடம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலி, அதே ஆள், பல ஆண்டுப் பழக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மருத்துவர் ரொனால்டு விக்டர் 52 முடிதிருத்தகங்களில் 319 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். முடிவு 2018இல் வெளியானது. புற்றுநோய்க்கு அல்ல, இரத்த அழுத்தத்துக்கு. ஒரு பாதிக் கடைகளில் முடி திருத்துபவர் ஆலோசனை சொல்லி மருத்துவரைப் பார்க்க அனுப்பினார். மறு பாதியில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அங்கேயே அழுத்தம் பார்த்து, மருந்து எழுதி, அளவை மாற்றித் தந்தார். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் பிரிவில் 9 புள்ளி குறைந்தது. இரண்டாம் பிரிவில் 27.

இந்த இரண்டு எண்களையும் புராஸ்டேட் விஷயத்துக்கு எடுத்து வரவேண்டும் என்பது என் வாதம். நம்பிக்கைக்குரியவர் எடுத்துச் சொன்னதால் ஓரளவு பலன் வந்தது. நம்பிக்கைக்குரியவர் இருந்த இடத்துக்கே சிகிச்சை நடந்து வந்தபோது மூன்று மடங்கு வந்தது. விழிப்புணர்வு ஊட்டுகிறோம் என்று முடிதிருத்தகங்களில் துண்டுத்தாள் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. நெறிமுறையும் முதல் பாதியைத்தான் சொல்கிறது. இரண்டாம் பாதியை மருத்துவமனைகள்தான் எழுத வேண்டும்.

நான்காம் கூற்று: பரிசோதனை வேண்டும் என்று முடிவு செய்பவர், 40 முதல் 45 வயதுக்குள் முதல் பிஎஸ்ஏ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணையும் உடல்நிலையையும் பொறுத்து, ஆண்டுதோறும் எடுப்பதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

நாற்பது ஏன்? இரண்டு காரணங்கள். ஒன்று, கறுப்பின ஆண்களுக்கு இந்தப் புற்று மற்றவர்களைவிட 3 முதல் 9 ஆண்டு முன்னதாகவே உண்டாகிறது என்று கணித மாதிரிகள் காட்டுகின்றன. 55இல் தொடங்கினால் சிலருக்கு ஏற்கெனவே தாமதம்.

இரண்டாவது காரணம் சுவீடனின் மால்மோ நகரிலிருந்து வருகிறது. அங்கே 1970களில் இதய நோய் முதலியவற்றை முன்கூட்டியே அறிவதற்காக ஆயிரக்கணக்கான ஆண்களிடம் இரத்தம் எடுத்து உறைநிலையில் பாதுகாத்தார்கள். அப்போது பிஎஸ்ஏ பரிசோதனையே நடைமுறையில் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குப்பிகளை எடுத்து உருக்கி, பிஎஸ்ஏ அளந்து, யார் யார் இந்த நோயால் இறந்தார்கள் என்ற பதிவோடு பொருத்திப் பார்த்தார்கள். 45 முதல் 49 வயதில் எடுத்த இரத்தத்தில் பிஎஸ்ஏ மேல் பத்து சதவீதத்தில் இருந்தவர்களிடமே பிற்காலச் சாவுகளில் 44 சதவீதம் நிகழ்ந்திருந்தது. அந்த மேல் பத்துக்கான எல்லை வெறும் 1.6. நான்கு என்ற பழைய எல்லையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். நாற்பதுகளில் எடுக்கும் முதல் எண், அப்போது புற்று இருக்கிறதா என்பதைவிட அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு யாரை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த வயதில் வீக்கம் பெரும்பாலும் தொடங்கியிருக்காது என்பதால் எண்ணும் தெளிவாக இருக்கும். மால்மோ ஆண்கள் வெள்ளையர்கள்தாம். ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்களிடையே பிறகு நடந்த ஆய்வும் இதே போக்கைக் காட்டியது.

தொடக்க வயதை 50-55இலிருந்து 40-45க்கு இறக்கி, எழுபது வரை ஒழுங்காகத் தொடர்ந்தால், கறுப்பின ஆண்களின் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறையலாம், தேவையற்ற கண்டுபிடிப்பு பெரிதாகக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் மதிப்பீடு. மாதிரிக் கணக்கிலிருந்து வந்த எண் இது; அதை அவர்கள் மறைக்கவில்லை.

எண் உயர்ந்து வந்துவிட்டால் பிறகு? இங்கேதான் ஏற்றத்தாழ்வு தன் வேலையைக் காட்டுகிறது. முன்பெல்லாம் நேரே பயாப்ஸிதான். 2018இல் வெளியான 'பிரிசிஷன்' ஆய்வு அதை மாற்றியது. வீரு காசிவிசுவநாதன் என்ற, தமிழ்க் காதுக்குப் பழக்கமான பெயர் கொண்ட லண்டன் மருத்துவர் முன்னின்று நடத்தியது. 11 நாடுகளில் 500 ஆண்கள். முதலில் எம்ஆர்ஐ எடுத்து, சந்தேகத்துக்கிடமான இடத்தில் மட்டும் ஊசி செலுத்தினால், கவனிக்க வேண்டிய புற்று 38 சதவீதம் பேரிடம் அகப்பட்டது. பழைய முறையில் 26 சதவீதம். தொந்தரவில்லாத புற்று அகப்படுவது 22இலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. முதல் கூற்றில் பார்த்த தீங்கில் பெரும்பகுதி இதனால் குறைகிறது. ஆனால் அமெரிக்காவில் அந்த எம்ஆர்ஐ, பிஎஸ்ஏ உயர்ந்த கறுப்பின ஆணுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. தீவிரமான புற்று உறுதியான பிறகு அறுவையோ கதிர்வீச்சோ கிடைப்பதிலும் அதே கதை.

பணமும் உண்டு. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டப்படி, பரிந்துரைக் குழு ஏ அல்லது பி தரம் கொடுத்த பரிசோதனைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் நோயாளியிடம் பணம் வாங்காமல் தர வேண்டும். பிஎஸ்ஏவுக்குக் கிடைத்தது சி. எனவே மத்தியச் சட்டத்தின் கட்டாயம் இல்லை. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டன. அதிக ஆபத்துள்ள ஆண்களுக்காவது கட்டணமில்லாமல் தரச் சொல்லும் மசோதா நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்படுகிறது. 'ஆண்டுதோறும்' என்று எழுதிவிட்டோம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒருவர், ஒவ்வோர் ஆண்டும் வேலையை விட்டுவந்து, கட்டணமும் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், அந்தச் சொல்லின் எடை அவர் மேல்தான் விழுகிறது. ஆறு கூற்றுகளும் நோயாளியையும் அவருடைய மருத்துவரையும் பார்த்தே பேசுகின்றன. மருத்துவமனையையும் காப்பீட்டையும் பார்த்துப் பேசும் ஏழாவது ஒன்று இல்லையே என்ற குறை எனக்கு உண்டு.

ஐந்தாம் கூற்று: பரிசோதனை செய்துவரும் எழுபது தாண்டியவர்கள், தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பரிந்துரைக் குழு எழுபதுக்கு மேல் வேண்டாம் என்று ஒரே கோடாகப் போட்டது. இவர்கள் அந்தக் கோட்டை அழித்து, ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். எழுபத்தொன்றில் நாள்தோறும் நடைப்பயிற்சி போகிறவரும், அதே வயதில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவரும் ஒன்றல்ல. முந்தைய எண்கள் எப்போதும் ஒன்றுக்குக் கீழே இருந்திருந்தால் நிம்மதியாக நிறுத்தலாம். ஏறிக்கொண்டே வந்திருந்தால் பிறந்தநாளைக் காரணம் காட்டி நிறுத்துவது முறையல்ல.

ஆறாம் கூற்று: குடும்பத்தில் இந்த நோய் வலுவாக இருப்பவர்களும், ஆபத்தான மரபணு மாற்றம் உள்ளவர்களும், நாற்பது வயதிலேயே ஆண்டுப் பரிசோதனையைத் தொடங்க யோசிக்க வேண்டும்.

ஆபத்தான மரபணு மாற்றம் என்றால் முதலில் வருவது பிஆர்சிஏ2. மார்பகப் புற்றோடு சேர்த்துப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆண்களுக்கு அது புராஸ்டேட்டில், அதுவும் சீறிப் பரவும் வகையில், வெளிப்படலாம். ஹாக்ஸ்பி13 என்ற மரபணுவில் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டும் காணப்படும் ஒரு மாற்றமும் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்டது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் ஹேமன் குழு, பல நாட்டு ஆண்களின் தரவைச் சேர்த்து, ஆபத்தோடு தொடர்புள்ள 451 மரபணு மாற்றங்களை 2023இல் பட்டியலிட்டது. கறுப்பின ஆண்கள் பத்தாயிரம் பேரை இலக்காகக் கொண்டு, மரபணுவோடு வாழிடம், வருமானம், மன அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் 'ரெஸ்பாண்ட்' ஆய்வையும் அவரே நடத்துகிறார்.

இவ்வளவு வந்தும் மரபணுப் பரிசோதனை கறுப்பின ஆண்களுக்குக் குறைவாகவே பயன்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகள் ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்டு நிரம்பியவை. கறுப்பின ஆணின் அறிக்கையில், மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை என்று வருவது அதிகம். அதை வைத்துக்கொண்டு அவரும் மருத்துவரும் என்ன முடிவு எடுப்பது?

குடும்ப வரலாற்றிலும் இதே ஓட்டை உண்டு. மருத்துவர் கேட்கும் கேள்வி எளிது: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்ததா? விடை சொல்ல வேண்டுமென்றால் அப்பாவுக்கு யாராவது கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். முதுகு வலி என்றே படுத்து, புற்று எலும்புக்குப் போய்விட்டது என்று யாரும் பெயர் சொல்லாமலே இறந்துபோன தாத்தாக்கள், படிவத்தில் 'இல்லை' என்றே பதிவாகிறார்கள். மருத்துவம் எட்டாத ஒரு தலைமுறையின் விளைவு, அடுத்த தலைமுறையை ஆபத்து குறைந்தவராகக் காட்டுகிறது. அதனால் நெறிமுறையின் இந்தக் கடைசி வரியைப் படிக்கும் மருத்துவர், 'தெரியாது' என்று பதில் சொல்பவரை 'இல்லை' என்று சொல்பவரோடு சேர்த்துவிடக் கூடாது. அம்மா வழியையும் கேட்க வேண்டும்: சித்திக்கு மார்பகப் புற்று இருந்ததா, பாட்டிக்குச் சினைப்பைப் புற்று இருந்ததா என்று. பிஆர்சிஏ2 தாய் வழியாகவும் வரும், தந்தை வழியாகவும் வரும். நாற்பது வயதில் தனக்கு அது இருப்பதாக அறியும் ஆண், தன் மகளுக்கும் மகனுக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதையும் அன்றே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.